'பதிவு இல்லை' என்னும் பொய்

தரவுத்தளத்தோடு இணைவதையும் வினவுவதையும் இரண்டே வரிகளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் சிறு நிரல்தொகுப்புகள் இன்று ஏராளம். "இணைக, கேட்க, பெறுக, மற்றவை உங்கள் கவலையல்ல" என்பதே அவற்றின் விளம்பர வாசகம். அந்த 'மற்றவை' எவை என்பதைப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வைத்துப் பார்த்தால், இந்த எளிமை யாருடைய தலையில் சுமத்தப்படுகிறது என்பது விளங்கும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, உறவுகளில் விழவில்லை. களியக்காவிளையில் அண்ணனும் பாறசாலையில் தம்பியுமாக வாழும் குடும்பங்கள் உண்டு. அண்ணனின் பெயர் தமிழில், தந்தையின் முதலெழுத்து முன்னே வர எழுதப்படுகிறது. தம்பியின் பெயர் மலையாளத்தில், முதலெழுத்து பின்னே வர எழுதப்படுகிறது. இருவருக்கும் பொதுவான தந்தையின் பெயர் ஒரு கிரயப் பத்திரத்தில் மூன்றாவது வடிவில் கிடக்கும்.

இத்தகைய ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கமோ பள்ளியோ கிராம நூலகமோ தன் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போது, அதற்கான நிரலை எழுதுபவர் பெரும்பாலும் தனி ஒருவர். அவர் எடுத்தாளும் நிரல்தொகுப்பின் கையேட்டில் உள்ள மாதிரி வரிகளே அவருக்குப் பாடநூல். "குறியேற்றத்தைக் கவனிப்பது நிரலாளரின் வேலை, தொகுப்பின் வேலையன்று" என்று வாதிடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். கேட்கப்படாத கேள்விக்கு எவரும் விடை எழுதுவதில்லை.

கேட்கப்படாத முதற்கேள்வி: இணைப்பு எந்தக் குறியேற்றத்தில் நிகழ்கிறது? மைஎஸ்கியூஎல் 2018இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு வரை லத்தீன் குறியேற்றத்தையே இயல்பாகக் கொண்டிருந்தது. லத்தீன் நெடுவரிசைக்குள் தமிழ்ப் பெயரை யூனிகோடு இணைப்பின் வழி அனுப்பினால், கட்டுப்பாடு தளர்ந்த அமைப்பில் அது வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகும். அதை எந்த வல்லுநராலும் மீட்க இயலாது. பிஎச்பி மொழியின் பிடிஓ இடைமுகமோ, 5.3.6ஆம் பதிப்புக்கு முன், இணைப்பு வரியில் குறியேற்றத்தை எழுதினாலும் ஒரு சொல்லும் சொல்லாமல் அதைப் புறக்கணித்தது. எழுதியவர் எழுதிவிட்டதாக நம்பினார். பொறி அதைப் படிக்கவே இல்லை.

இன்னும் கொடிய செய்தி ஒன்றுண்டு. மைஎஸ்கியூஎல் 'யுடிஎஃப்8' என்று பெயரிட்டு வைத்திருந்தது எழுத்துக்கு மூன்று பைட்டுகளோடு நின்றுவிடும் அரைகுறை வடிவம். நான்கு பைட்டு வடிவம் 2010இல் வேறொரு பெயரில் வந்தது. அன்றாடத் தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால் நம்மவர் எவரும் கவலைப்படவில்லை. ஆனால் முந்திரி, காணி முதலிய பின்னங்களுக்கும், குழி, வேலி, நன்செய், புன்செய், உப்பளம் ஆகியவற்றுக்கும் உரிய பழங்குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தபோது நான்கு பைட்டுப் பகுதியில்தான் இடம்பெற்றன. பழைய நில ஓலையொன்றை அக்குறிகளோடு உள்ளிட்டால், கட்டுப்பாடு தளர்ந்த அமைப்பில் வரி அந்தக் குறியிலேயே வெட்டுண்டு போகும். நிலத்தின் அளவு சொல்லப்படும் இடத்தில் ஆவணம் முடிந்துவிடும். (முகக்குறிகளைச் சேமிக்க முடியாதபோதுதான் உலகம் இந்தக் குறையை உரக்கப் பேசத் தொடங்கியது.)

இரண்டாம் கேள்வி: எவை ஒரே பெயர்? செல்வராஜ் என்பதை மலையாளத்தில் எழுதுகையில் வரும் 'ல்' என்னும் சில்லெழுத்தை 2008க்கு முன் மூன்று குறியீடுகளைச் சேர்த்து அமைத்தனர், யூனிகோடு 5.1 அதற்குத் தனிக் குறியீடு தந்தது. திரையில் இரண்டும் ஒன்றே. எஸ்கியூலைட் போல இயல்பாகப் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ அவை இரு வேறு மனிதர்கள். தமிழில் ஸ்ரீகுமாருக்கும் இதே கதி. 'ஸ்ரீ'யை இரு வழிகளில் உள்ளிடலாம். 'பெயரால் தேடு' என்று அழகான பெயர் சூட்டப்பெற்ற செயற்கூறு வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தருகிறது. வரிசையில் நிற்பவரிடம் எழுத்தர் 'பதிவு இல்லை' என்கிறார். எழுத்தர் பொய் சொல்லவில்லை. கருவி சொன்னதைச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவர் மறுநாளும் கூலியை இழந்து வரவேண்டும்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவும் குறையீட்டு மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது. சட்டம் ஏற்ற எழுத்தைக் கருவி கேள்விக்குறியாக்கினால் அந்த உரிமை எங்கே வாழும்?

சிறிய நிரல்தொகுப்பே தீது என்பது வாதமன்று. பொழியூர்க் கடற்கரையின் டி'குரூஸ் போன்ற பெயரில் வரும் மேற்குறி, கையால் ஒட்டவைத்த வினவலை உடைத்துவிடும். மதிப்பை வினவலிலிருந்து பிரித்து அனுப்பும் நல்ல தொகுப்பு அதைத் தடுக்கிறது, ஊடுருவலுக்கும் கதவடைக்கிறது. அது உண்மையான எளிமை, ஏனெனில் அங்கே உழைப்பு குறைகிறது. குறியேற்றத்தை மறைப்பதிலோ கேள்வியே குறைக்கப்படுகிறது. குறியேற்றம் அறிவிக்கப்படாவிடில் இணைய மறுப்பதற்கும், உள்ளே வரும் பெயரையும் தேடப்படும் பெயரையும் ஒரே விதியால் ஒழுங்குபடுத்துவதற்கும் வேண்டியவை சில வரிகளே. சிறிய தொகுப்பில்தான் அவற்றைச் சேர்ப்பதும் சரிபார்ப்பதும் எளிது.

ஆகவே எல்லைப்புற ஊர்களில் இத்தகைய மென்பொருளுக்குப் பணம் கொடுப்போர், கொடுக்கும் முன் நான்கு உள்ளீடுகளைத் தாமே இட்டுப் பார்க்கட்டும்: மேற்குறியோடு டி'குரூஸ், இரு வகை 'ஸ்ரீ'யோடு ஸ்ரீகுமார், பழைய சில்லோடும் புதிய சில்லோடும் மலையாளத்தில் செல்வராஜ், முந்திரிக் குறியோடு ஒரு நில அளவு. இட்டவை அப்படியே திரும்பி வரவில்லையென்றால், ஒரு வடிவில் இட்ட பெயர் மறு வடிவில் தேடும்போது கிடைக்கவில்லையென்றால், பணத்தை நிறுத்திவைக்கட்டும்.