வனத்திலிருந்து வந்த பல்லி

சுவரிலே பல்லி சொன்னால் நிலத்தில் விரலாற் தட்டும் பாட்டிமார் நம் வீடுகளில் இன்றும் உளர். அப்பல்லிக்குப் பெரிய உறவினன் ஒன்று, வடகிழக்கு இந்தியா தொடங்கி இந்தோனேசியத் தீவுகள் வரை வாழ்கின்றது. தொக்கே என்பது அதன் பெயர். அது எழுப்பும் ஓசையே அப்பெயரைத் தந்தது. ஓரடிக்கு வளரும், நீலச் சாம்பல் உடலிலே செம்புள்ளிகள் உடையது. அவ்வழகே அதற்குப் பகையாயிற்று. காட்டிலே பிடிக்கப்பட்டு, மேல்நாட்டுக் கடைகளுக்கு வளர்ப்புப் பிராணியாக அது ஏற்றப்படுகின்றது.

ஐரோப்பாவிலே கல்வி பயிலும் நம் வாசகர் ஒருவர் அத்தகைய பல்லி ஒன்றை வாங்கி, அன்றே புழு மருந்து கொடுத்தாராம். ஐந்தாம் நாள் அது இறந்துவிட்டது. "மருந்து கொடுத்தும் ஏன் இறந்தது?" என வினவி எழுதியிருக்கிறார். பிராணியைக் காணாது காரணத்தை அறுதியிட்டுக் கூறுதல் தகாது. ஆயினும், அவ்வினாவை ஒட்டி யாவரும் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு.

காட்டுப் பல்லியின் குடலிலே உருளைப்புழுக்கள் இருத்தல் இயல்பு. தோல் மடிப்புகளிற் சிற்றுண்ணிகளும் ஒட்டியிருக்கும். நல்ல இரையும் பரந்த இடமும் உள்ளவரை இவை பெருந்தீங்கு செய்வதில்லை. பிடிபட்டபின் நிலைமை வேறாகின்றது. பையிலும் பெட்டியிலும் நீரின்றி, இரையின்றி நாட்கள் கழிகின்றன. இடையறாத அச்சத்தினாற் பெருகும் கோட்டிகோஸ்தரோன் என்னும் ஓமோன் நோயெதிர்க்கும் ஆற்றலைக் குன்றச் செய்கின்றது. மேலும், காட்டிலே எச்சமிட்டு அகன்று செல்லும் பிராணி, கூட்டிலே அதன்மீதே நடக்கின்றது. எச்சத்திலுள்ள முட்டைகள் வாய்வழியே மீண்டும் உட்சென்று, புழுக்கள் பெருகுகின்றன. ஆதலால் அச்சமும் புழுவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஒன்றை விடுத்து மற்றதை மாத்திரம் தீர்க்க முயல்வது பயன்தராது.

முதலில் வேண்டுவன நீரும் அமைதியுமே. நீர் வற்றி மெலிந்த உடல் மருந்தைத் தாங்குவது அரிது. வேறு பிராணிகள் இல்லாத அறையிலே, இரண்டு மூன்று மாதங்களுக்குத் தனிக் கூட்டில் வைத்தல் வேண்டும். அடியிலே வெறுந்தாள் விரித்து நாள்தோறும் மாற்றுக. ஒளிந்துகொள்ள மரப்பட்டை அல்லது மூங்கிற்குழாயை நிமிர்த்தி வைத்து, கூட்டின் மூன்று பக்கங்களையும் மறைத்துவிடுக. பகலில் 27 முதல் 30 பாகை சதம வெப்பம் போதும். மாலையில் நீர் தெளித்தால், இலையிலும் சுவரிலும் நிற்கும் துளிகளை அது நக்கிக் குடிக்கும். இரவிலே சில பூச்சிகளை விட்டு, எஞ்சியவற்றைக் காலையில் அகற்றுக. அவை பல்லியைக் கடிப்பதுமுண்டு. கையாற் தொடுதலைத் தவிர்க்க. அஞ்சிய பல்லி வாலை உதிர்க்கும்; வாலோடு அங்கே சேர்த்துவைத்த கொழுப்பும் போய்விடும்.

பிராணி தேறி இரையுண்ணத் தொடங்கியதும், புதிய எச்சத்தை மிருக வைத்தியரிடம் கொடுத்து நுணுக்குக்காட்டியாற் சோதிப்பித்தல் வேண்டும். எந்தப் புழு என்பதறிந்து, உடல் நிறைக்கேற்ப அவரே மருந்தை அளவிடுவார். ஒரு சோதனையில் முட்டை காணப்படாமை நோயின்மைக்குச் சான்றாகாது. மருந்தின் பின்னும் மறுசோதனை வேண்டும். வாரந்தோறும் நிறுத்து எழுதிவருக. நிறை தொடர்ந்து குறையுமாயின், அல்லது நலிவு மிகுமாயின், வைத்தியரைக் காணத் தாமதித்தலாகாது. கூட்டைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவ மறவாதீர்; பல்லிகள் சல்மொனெல்லாக் கிருமியைச் சுமப்பதுண்டு.

அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய உலக மாநாடு 2019 மே மாதத்திலே கொழும்பிற் கூடவிருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், அது ஆகஸ்டில் ஜெனீவாவில் நடைபெற்றது. தொக்கேயை இரண்டாம் அட்டவணையிற் சேர்க்க அங்கே முடிவாயிற்று. அதனால் இன்று அதன் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் பத்திரம் பெற்ற பல்லிக்கும் பயணத்தின் அச்சம் ஒன்றே. வளர்க்க விரும்புவோர், கூட்டிலே பிறந்து வளர்ந்ததைத் தேடிப் பெறுவதே நன்று.

நம் வாசகர் மற்றொரு பல்லியை வாங்க எண்ணுவாராயின், முதலிற் கூட்டை ஆயத்தஞ் செய்து, வைத்தியர் ஒருவரையும் அறிந்து வைத்தபின் கடைக்குச் செல்வாராக.