கணக்கு நேரானால் கடன் தீர்ந்துவிடுமா?

சென்ற மாதம் தில்லியில் நான் கலந்துகொண்ட ஒரு கருத்தரங்கின் அழைப்பிதழில் ‘இது கார்பன் நியூட்ரல் நிகழ்வு’ என்று அச்சிட்டிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் விமானத்தில் வந்தவர்கள். எவ்வாறு என்று வினவினேன். ஆளுக்கொரு மரக்கன்று நடவிருப்பதாகச் சொன்னார்கள். அந்த விடைதான் இப்பதிவுக்குக் காரணம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓர் ஊரோ நிறுவனமோ நாடோ காற்றில் கலக்கும் கரியமில வாயுவும், அது காற்றிலிருந்து அகற்றும் அளவும் சமமானால் அது கார்பன் நியூட்ரல். கரிமச் சமநிலை எனலாம். அகற்றுவது மிஞ்சினால் கார்பன் நெகட்டிவ். ‘நெகட்டிவ்’ என்பது இங்கே குறையன்று, பெருமை.

பூட்டான் இரண்டாம் வகை. நிலப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு என்றென்றும் காடாகவே இருக்கவேண்டும் என்று அந்நாட்டின் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பே விதிக்கிறது. மின்சாரமும் பெரும்பாலும் ஆற்றுநீரிலிருந்து வருகிறது. நிலக்கரியை நம்பியிருக்கும் நாமோ, 2070க்குள் நிகரப் பூச்சியத்தை எட்டுவோம் என 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்தோம்.

ஜம்முவின் பள்ளி ஊராட்சி, 500 கிலோவாட் சூரிய மின்நிலையத்துடன், 2022இல் நாட்டின் முதல் கார்பன் நியூட்ரல் ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. பாராட்டத்தக்கதே. ஆயினும் சூரியத் தகடு இனி எழும் புகையைக் குறைக்குமேயன்றி, முன்பே கலந்ததை உறிஞ்சாது. 2016இல் இதே இலக்கை மேற்கொண்ட வயநாட்டின் மீனங்காடி, கணக்கின் மறுபக்கத்தையும் கண்டது: மரத்தை ஈடாகக் கொண்டு உழவருக்கு வட்டியில்லாக் கடன், வெட்டாதவரை திருப்பித்தர வேண்டியதில்லை. அங்கே மதிப்பு நடுவதற்கன்று, காப்பதற்கு.

நுட்பம் இங்குதான் உள்ளது. எண்ணெயும் நிலக்கரியும் பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிய கரிமம். மரம் சேர்த்துவைப்பதோ, எரிந்தால் அன்றே காற்றுக்குத் திரும்பிவிடும். விமானப் புகை இன்று கலக்கிறது; கன்று அதை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் வேண்டும், அதுவும் பிழைத்திருந்தால். ஈட்டுக்கணக்கை மட்டும் காட்டிப் பொருள்களைக் ‘கார்பன் நியூட்ரல்’ என விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமியற்றித் தடுத்ததன் நியாயமும் இதுவே.

மரம் நடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் குறைப்போம், குறைக்கவே இயலாததற்கு மட்டும் மரத்தை நாடுவோம். நானும் கருத்தரங்குகளுக்கு விமானத்தில் சென்றவன்தான். குற்றம் சாட்டும் தகுதி எனக்கில்லை. ஆனால் அடுத்த முறை அச்சொல்லைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்போம்: எவ்வளவு வெளியேற்றினீர்கள்? எவ்வளவு குறைத்தீர்கள்? அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?