முன் சக்கரத்தில் மிச்சம் பிடிக்கலாமா?

பி.காம் படிக்கிறவனுக்கு கார் ரிப்பேரில் என்ன வேலை என்று கேட்கப் போகிறீர்கள். செலவுக் கணக்கு பார்ப்பதுதானே எங்கள் வேலை, அதனால்தான் இந்தப் பதிவு :-)

போன மாதம் ஒரு ராத்திரி, ஆமத்தூர் தாண்டி சிவகாசி போகிற ரோட்டில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கும்போது சித்தப்பாவின் கார் ஓரக் கட்டையில் மோதியது. அதிலிருந்து ஸ்டீரிங் இடது பக்கமாகவே இழுத்தது. ஷெட்டில் தூக்கிப் பார்த்தால் முன்பக்க நக்கிள் வளைந்திருந்தது.

நக்கிள் என்பது கையளவு இரும்பு. ஆனால் வீல் பேரிங், பிரேக் காலிப்பர் எல்லாம் அதில்தான் உட்காருகின்றன. மேலே ஷாக் அப்சார்பர், கீழே லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட், பக்கத்தில் டை ராட் எண்டு எல்லாம் அதில்தான் வந்து சேருகின்றன. அது உடைந்தால் ஸ்டீரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

"சூடு காட்டி அடிச்சு நிமித்திரலாம் தம்பி, எதுக்குப் புதுசு?" என்றார் மெக்கானிக் அண்ணாச்சி. சித்தப்பாவும் தலையாட்டிவிட்டார். நான் விடவில்லை. சூடு காட்டினால் இரும்பின் பலம் மாறிவிடும், அடியில் விழுகிற விரிசல் கண்ணுக்கே தெரியாது. ஒருவழியாகப் புதுசு வாங்கினோம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் உதவியது.

கதை முடியவில்லை. மாட்டும்போது டார்க் ரெஞ்ச் எங்கே என்று கேட்டேன். "முப்பது வருஷக் கை இது" என்றார். அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பல சின்னக் கார்களின் ஆக்சில் நட்டுக்கு 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி இறுக்கம் வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 20 கிலோ தொங்கவிட்ட மாதிரி. வண்டிக்கு வண்டி இது மாறும். குறைந்தால் பேரிங் போகும், கூடினால் போல்ட் இழுபட்டு பலமிழக்கும். இதைக் கை எப்படி அளக்கும்?

அலைன்மென்ட் பார்க்கப் போன இடத்தில் டார்க் ரெஞ்ச் இருந்தது. ஷாக் அப்சார்பரை நக்கிளோடு பிணைக்கிற போல்ட்டில் வைத்தார்கள். 'டிக்' சத்தம் வருவதற்குள் ஒரு நட் கால் சுற்று திரும்பியது! சித்தப்பா அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

2018ல் ஃபோர்டு கம்பெனி, 2017 மே, ஜூனில் சென்னை ஆலையில் செய்த 4,000க்கும் மேற்பட்ட எக்கோஸ்போர்ட் கார்களைத் திரும்ப அழைத்தது. முன் லோயர் ஆர்மின் வெல்டிங் சரியில்லையோ என்ற சந்தேகம்தான் காரணம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலும் இப்படித் திரும்ப அழைக்க வைக்க வழி இருக்கிறது. கம்பெனி செய்த தப்புக்கு இத்தனை ஏற்பாடு. ரோட்டோர ஷெட்டில் அரைகுறையாக இறுக்கிய நட்டை யார் திரும்ப அழைப்பார்கள்?

அண்ணாச்சியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாகத்தின் விலை எம்.ஆர்.பி, அதில் பேச முடியாது. அதனால் நாம் பேரம் பேசுவதெல்லாம் கூலியில்தான். கூலியைக் குறைத்தால் அவர் டார்க் ரெஞ்ச் எப்படி வாங்குவார்? பட்டாசு மருந்து அறையில் இரும்புக் கருவி கூடாது என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "என் கைக்குப் பழக்கம்" என்று அங்கே யாராவது சொன்னால் விடுவோமா?

அடுத்த முறை நக்கிள் மாற்றினால் மூன்றே கேள்வி கேளுங்கள். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினீர்களா? ஆக்சில் நட்டும் ஸ்பிளிட் பின்னும் புதுசா? அலைன்மென்ட் பார்த்தாச்சா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.