ஊர் ஏற்ற ஒருத்தி

குதிரையும் துப்பாக்கியுமாக ஓடும் அமெரிக்கப் படங்களை இப்பகுதியில் நாம் அதிகம் போற்றியதில்லை என்பது வாசக நேயர்கள் அறிந்ததே. அப்படங்களில் சீனர் என்றால் பெரும்பாலும் துணி வெளுப்பவர் அல்லது சமையற்காரர். இரண்டு சொல் பேசிச் சிரிப்பு மூட்டிவிட்டு மறைந்துவிடுவார். 1991-ல் நான்ஸி கெல்லி அம்மையார் இயக்கத்தில் வெளிவந்த ‘தௌஸண்ட் பீஸஸ் ஆஃப் கோல்ட்’ அவ்வழக்கத்தினின்று விலகிய படம். அன்பர் ஒருவர் இல்லத்தில் அண்மையில் அதனைக் காணும் வாய்ப்புக் கிட்டிற்று.

பஞ்சத்தால் நொந்த வடசீனக் குடியானவர் ஒருவர், தம் மகள் லாலுவை விற்றுவிடுகிறார். கப்பலேற்றப்பட்ட அப்பெண், ஐடஹோ மலைநாட்டில் பொன் தோண்டும் ஊர் ஒன்றில் மதுக்கடை நடத்தும் ஹாங் கிங் என்பவனிடம் வந்து சேர்கிறாள். விற்றவரும் சீனர், வாங்கியவனும் சீனன். படம் இதனை மறைக்கவில்லை. நம்மவர் செய்யும் கொடுமையை வெளியார்முன் சொல்லக் கூசும் நமக்கு இந்நேர்மை பெரிதாகப் படுகிறது. அவளுக்குப் ‘பாலி’ என்று புதுப்பெயர் சூட்டுகின்றனர். அவளுடைய சம்மதத்தைக் கேட்பார் இல்லை. லாலுவாக வரும் ரோஸலிண்ட் சாவ் பல இடங்களில் கண்களாலேயே பேசிவிடுகிறார். அவளிடம் அன்பு கொள்ளும் வெள்ளையர் சார்லியாகக் கிறிஸ் கூப்பர் அடக்கமாக நடித்திருக்கிறார்.

பின்னர் அவ்வூர் வெள்ளையர் திரண்டு சீனரை விரட்டுகின்றனர். நம் குறை இங்கேதான். காதற்கதை நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மூட்டை சுமந்து வெளியேறியவர்களை அப்புறம் நினைக்க நேரமில்லை.

அவர்களைப் போன்றோர் யார்? ரயில்வே எழுத்தராகிய நாம் இதனைச் சொல்லாமல் விட முடியாது. சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதைக்காக ஸியர்ரா நெவாடா மலையைக் குடைந்தவருள் பல்லாயிரவர் சீனர். சம்பளப் பட்டியலில் பெரும்பாலும் கூட்டத்தலைவனின் பெயர்தான் உண்டு. மற்றவர்கள் வெறும் தலைக்கணக்கு. பெயரில் ஓரெழுத்துப் பிழையானாலே மனுவோடு வந்து நிற்கும் தொழிலாளரை நாள்தோறும் காணும் நமக்கு அப்பட்டியல் உறுத்துகிறது. வெள்ளையருக்கு ஈடான கூலி கேட்டு அவர்கள் 1867-ல் வேலைநிறுத்தம் செய்தபோது, நிர்வாகம் உணவுப்பொருளை நிறுத்திற்று. ஏறத்தாழ ஒரு வாரத்தில் பணிய நேர்ந்தது. பாதை 1869-ல் முடிந்தது. 1882-ல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதையே தடுக்கும் சட்டம் வந்தது. 1885 செப்டம்பர் 2-ஆம் நாள் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் 28 சீனராவது கொல்லப்பட்டனர். தண்டனை பெற்றவர் ஒருவருமில்லை. அச்சட்டம் நீங்க 1943 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

லாலு முற்றிலும் கற்பனை அல்லள். பாலி பெமிஸ் என்னும் அம்மையார் 1853-ல் பிறந்து, 1933-ல் ஐடஹோவிலேயே மறைந்தார். அவர் வரலாற்றைத் தழுவி ரூத்தான் லம் மக்கன் எழுதிய நாவலே படமாயிற்று. சார்லியை மணந்தது 1894-ல். அண்டை அயலார் அவரிடம் மிகுந்த பிரியம் வைத்திருந்தனர். ஆயினும் சீனர் கைவசம் வைத்திருக்க வேண்டும் என 1892-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த வசிப்புச் சான்றிதழ், மணமாகி இரண்டாண்டு கழித்து 1896-ல்தான் அவருக்குக் கிடைத்தது. படத்தில் இச்செய்தி இல்லை, இருந்திருக்கலாம்.

படம் இரண்டு மணிக்கும் குறைவாகவே ஓடுகிறது. சிறுவர்க்கு உகந்ததன்று, பெரியவர்கள் அவசியம் காணலாம்.