ஓவியத்தின் முன்னே வாய் திறப்போம்

இலண்டன் ட்ரஃபல்கார் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக் கூடத்தின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்வையிடக் கட்டணம் கிடையாது. கலை அறிஞர்கள் ஓர் ஓவியத்தின் முன்னே நின்று பொதுமக்களோடு உரையாடும் இலவச நிகழ்ச்சிகளும் அங்கே நடைபெறுவதுண்டு. ஆயினும் அக்கூட்டங்களில் நம்மவர் முகங்களைக் காண்பது அரிது. செல்லும் ஒருசிலரும் பின்வரிசையில் நின்று செவிமடுத்துவிட்டு மௌனமாகத் திரும்புகின்றனர். "ஓவியம் பற்றி நமக்கென்ன தெரியும்?" என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

இம்பிரசனிஸ ஓவியங்கள் சிலவற்றைப் பொறுத்தவரை இச்சமாதானம் செல்லாது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்குமிடையே போர் மூண்டபோது, அவ்வோவியர்களுள் முதன்மையானோரான கிளோட் மொனேயும் கமீல் பிஸாரோவும் இலண்டனுக்குத் தப்பி வந்தனர். மொனே தேம்ஸ் நதியையும் பனிமூட்டத்தில் மங்கித் தெரியும் பாராளுமன்றத்தையும் வரைந்தார். பிஸாரோ தென் இலண்டனில், நோர்வூட் பகுதியின் மெல்லிய பனி படிந்த தெருவொன்றை வரைந்தார். அவ்விரு ஓவியங்களும் இன்று அக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளன. நம்மவர் பலர் வாழும் குறோய்டனிலேயே 1871இல் பிஸாரோவின் திருமணமும் நடந்தது. இருவரும் அளித்த ஓவியங்களை றோயல் அக்கடமி அவ்வாண்டுக் கண்காட்சிக்கு ஏற்க மறுத்தது.

இவ்வோவியங்களின் முன்னே நிற்கும் அறிஞர் ஒளியைப் பற்றிச் சொல்வார்; பனியின் வெண்மைக்குள் எத்தனை நிறங்கள் உள்ளன என்று காட்டுவார். அது நாம் கற்கவேண்டிய கல்வியே. ஆனால், பிஸாரோ லூவ்சியென் என்னும் ஊரில் விட்டுவந்த வீட்டின் கதை பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். அவ்வீட்டில் பிரஷ்யப் படையினர் தங்கினர். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பில் விளைந்த ஓவியங்களுள் மிகப்பெரும்பாலானவை அழிந்தன. சில சேற்றின்மீது மிதியடிகளாக விரிக்கப்பட்டன எனவும் கூறுவர். பூட்டிவிட்டு வந்த வீட்டில் படையினர் குடியிருப்பது எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, அந்த ஒரு வாக்கியத்தில் அறிஞரை நிறுத்தி வினவத் தகுதியுடையோர் நாமே.

அவர்களும் நாமும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அவர்கள் ஏறத்தாழ ஓராண்டில் நாடு திரும்பினர். அவர்கள் வந்திறங்கியபோது விசாவும் இல்லை, விசாரணை அறையும் இல்லை. குடிவரவைக் கட்டுப்படுத்தும் இந்நாட்டின் முதலாவது நவீன சட்டம் 1905இலேயே இயற்றப்பட்டது. இவ்வேறுபாட்டையும் அவ்விடத்தில் எடுத்துரைக்க வேண்டியவர்கள் நாமே.

வழக்கு முடியவில்லை, வாடகைக்கு வழியில்லை, இந்நிலையில் ஓவியமா என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஓவியம் எவருக்கும் வதிவிட அனுமதி பெற்றுத் தராது. ஆனால், தஞ்சம் கோரிய நாள்முதல் நாம் பிறர் கேள்விகளுக்கு விடையளிப்பவர்களாகவே இருந்து வருகிறோம். எப்போது வந்தாய், எவ்வழியாக வந்தாய், ஏன் வந்தாய் என்று நம்மைக் கேட்கிறார்கள். நமது விடைகள் ஐயத்தோடு பதியப்படுகின்றன. ஓவியத்தின் முன்னே மட்டும் இம்முறை மாறுகிறது. அங்கே கேட்பவர் நாம். விடை கூறக் கடமைப்பட்டவர் அறிஞர். வேலை அனுமதியின்றி முடிவுக்காகக் காத்திருப்போருக்கு அந்த அரைமணி நேரம் சிறிதன்று.

தட்டுத்தடுமாறும் ஆங்கிலமே இதற்குப் போதும். அடுத்த முறை பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். முன்வரிசையில் நிற்போம். பிஸாரோ விட்டுவந்த ஓவியங்கள் என்னவாயின என்று கேட்போம். பெற்றோர் கேள்வி கேட்பதையும், கற்றவர் ஒருவர் அதற்குப் பொறுமையாக விடையளிப்பதையும் நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் காணட்டும்.