கப்பலுக்கும் ஓர் ஊர் உண்டு



வாக்காளர் இடாப்புத் திருத்தம் வந்தாலே முசலியில் இரண்டு பேச்சுக் கிளம்பும். வெளியே இருப்பவர்கள், "இவர்கள் புத்தளத்தார், தேர்தலுக்கு மட்டும் பஸ்ஸில் வருகிறவர்கள்" என்பார்கள். நம்மவர்களில் சிலர், "எங்கே பதிந்தால் என்ன, கடதாசிதானே" என்பார்கள். இரண்டுமே பிழை. ஏன் என்று கடற்கரைக்காரர்களான நமக்கு விளங்கும்.

ஒரு கப்பலின் பின்புறத்தில் அதன் பெயரும், கீழே ஓர் ஊரின் பெயரும் இருக்கும். அது கப்பல் இன்று நிற்கும் ஊரல்ல, பதிவுத் துறைமுகம். கொழும்பில் பதிந்த கப்பல் பத்து வருடம் துபாய்க்கும் மும்பைக்கும் ஓடினாலும் பின்னால் கொழும்பு என்றுதான் இருக்கும். நம் பைபர் படகுகளும் அப்படித்தான். கடற்றொழில் திணைக்களம் தரும் இலக்கத்தின் கடைசியில் மாவட்டக் குறி வரும். மன்னாருக்கு எம்.என்.ஆர். அந்தப் படகு கல்பிட்டியில் ஒரு பருவம் தொழில் செய்தாலும் அது மன்னார்ப் படகுதான்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் கொண்டச்சியும் வெறுமையாகின. இருபது வருடத்துக்குக் கிட்ட புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கழிந்தது. நான் பிறந்ததும் அங்கேதான். புத்தளத்து மக்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும், அந்தக் கடனை நாம் தீர்க்க முடியாது. ஆனாலும் அது புயலுக்கு ஒதுங்கிய துறைமுகம். ஒதுங்கிய கப்பலிடம் யாரும் ஊர்ப்பெயரை அழித்து எழுதச் சொல்வதில்லை. இடம்பெயர்ந்தவர்கள் சொந்த இடத்திலேயே வாக்காளராகப் பதியலாம் என்று 2013இல் நாடாளுமன்றமே விசேட சட்டம் நிறைவேற்றியது. திரும்பி வந்து காடாகிப் போன காணியைத் துப்புரவாக்கினால் வில்பத்தை அழிக்கிறோம் என்றார்கள். 2017இல் மாவில்லு பேணற்காட்டு வர்த்தமானி வந்தது. விரட்டப்பட்டவனிடம் "நீ ஏன் இங்கே இருக்கவில்லை" என்று கேட்பது என்ன நியாயம்?

இனி நம் பக்கம். இது சிலருக்குக் கசக்கும்.

கடலில் வசதிக்கொடி என்று ஒன்று உண்டு. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் நம் மன்னார்க் கரையிலும் ஒதுங்கின. அந்தக் கப்பலின் கொடி லைபீரியாவுடையது. கம்பனியின் தலைமையகம் ஜெனீவாவில். வரிக்கும் சட்டத்துக்கும் வசதி என்று இப்படிக் கொடி எடுக்கும் கப்பல்கள் ஏராளம். கப்பலுக்கும் கொடிக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட சமவாயம் சொல்கிறது. சொல்வதோடு சரி.

நம்மில் சிலருக்கும் முசலி வசதிக்கொடியாகி வருகிறது. வாக்கும் காணியும் வீட்டுத்திட்டமும் இங்கே, அடுப்பும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் புத்தளத்தில். காரணம் தெரியாதவன் இல்லை நான். குடிநீர், ஆஸ்பத்திரி, உயர்தரத்துக்குக் கணித விஞ்ஞான ஆசிரியர், எல்லாம் குறைதான். ஆனால் ஆசிரியரை மாணவர் தொகையைப் பார்த்துத்தான் தருவார்கள். பிள்ளை வராததால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இல்லாததால் பிள்ளை வருவதில்லை. இந்தச் சுற்றை அமைச்சர் யாரும் வந்து அறுக்கமாட்டார்.

நாளைக்கே மூட்டை கட்டி வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தரம் ஒன்றுக்குப் போகும் பிள்ளையையாவது இங்கே சேருங்கள். கல்பிட்டியில் வாங்கிய படகை இங்கே கடலில் இறக்குகிறவர்கள் பதிவையும் இங்கே மாற்றுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு கிராம உத்தியோகத்தரையும் கடற்றொழில் பரிசோதகரையும் அழைத்து இந்த வேலைகளை ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்கலாம்.

இன்னொன்று. வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள் தங்க இடமில்லாமல் மாற்றம் எடுத்துப் போகிறார்கள். பக்கத்திலேயே வீட்டுத்திட்ட வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பெருநாளைக்கு மட்டும் திறக்கும் வீட்டின் சாவி உங்களிடம் இருந்தால் அதிபரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். வாடகை பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.