‘பிரீ வீசா’ என்றொரு வீசா இல்லை

மட்டக்களப்பு மாவட்டத்தில், காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும், வளைகுடாப் பயணம் பற்றிய பேச்சில் ‘பிரீ வீசா’ என்ற சொல் சர்வசாதாரணம். ஆனால் அந்த நாடுகளின் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. கபீல் எனப்படும் அனுசரணையாளர் ஒருவரின் பெயரில் எடுத்த வேலை வீசாதான் அது. அவரிடம் வேலை இருக்காது, காசுக்கு விற்ற பெயர் மட்டுமே இருக்கும். வேறிடத்தில் உழைத்துப் பிடிபட்டால் சிறையும் நாடுகடத்தலும் தொழிலாளிக்கு. விற்றவர் ஊரில் நிம்மதியாக இருப்பார். ‘விசிட் வீசா’ என்ற சொல்லும் உண்மையை மறைக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. 2022இல் ஓமானில் சிக்கித் தவித்த இலங்கைப் பெண்கள் பலர் அந்த வீசாவில்தான் அனுப்பப்பட்டிருந்தார்கள்.

ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடப்பதைவிட விரும்பிய வேலையைத் தேடிக்கொள்வது நல்லதுதானே என்பார்கள். அந்த ஆசை முற்றிலும் நியாயமானது. அப்படிப் போய் வீடு கட்டியவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சுதந்திரத்தைத் தருவது சட்டமே தவிர, வீசா விற்பவர் அல்ல. முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறும் உரிமையைக் கட்டார் 2020இல் சட்டமாக்கியது. உரிமை கேட்க வேண்டிய இடம் சட்டம்தான். அந்த உரிமை எங்கும் கிடைக்கும்வரை விளம்பரங்களும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அறிவித்தல்களும் ‘பிரீ வீசா’வை ‘வேலையில்லாத வீசா’ என்றே எழுதட்டும்; வீசா வாங்க நகையை அடகு வைக்கப்போகும் தாய்க்கு அந்தச் சொல் விளங்கும்.